வாங்க, போலாம்

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு புரோக்கர் சொல்வதை யார் நம்புவார்கள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். 'ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷ நடைதாங்க' என்று சொல்லிச் சொல்லி வாய் பழகினவன் நான். அந்த ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டுமென்றால் ஓட வேண்டும். அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. கூட்டிச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? கமிஷனா கிடைக்கப்போகிறது?

எங்கள் ஊர் கடலோர ஊர். கடலுக்கு முன்னால் ஒரு வரிசை வீடுகள். அதற்குப் பின்னால் இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை. அப்புறம் ஒரு மேடு. என் வீடு அந்த மேட்டின் மேல்தான். மேட்டைத் தாண்டி இறங்கினால் ரயில் பாதை.

நான் இங்கே தொழில் தொடங்கிய புதிதில், வீடு வாங்க வருகிறவர்கள் வாயைத் திறந்தாலே ஒரே கேள்விதான். "கடல் தெரியுமா?" கடல் தெரிகிற ஜன்னல் ஒன்று கூடினால் விலையும் கூடும். மூன்றாவது வரிசைக்காரர் ஒருவர், மொட்டைமாடியில் ஸ்டூல் போட்டு ஏறினால் கடல் தெரிகிறது என்று சொல்லி விலையை ஏற்றினார். அதையும் வாங்கினார்கள். இப்போது வருகிறவர்களும் முதலில் கடலைத்தான் கேட்கிறார்கள். "கடல் எவ்வளவு தூரம்?" தூரம் என்று சொன்னால்தான் முகம் மலர்கிறது.

ரயில் சத்தத்தில் தூக்கம் வராது என்று யாரும் சீண்டாமல் கிடந்த அடுக்குமாடி வீடுகளுக்கு இன்று அடிபிடி. முதல் வரிசைக்கு ஆளே இல்லை. விற்கிறவர்களுக்குத்தான் இது மண்டையில் ஏறுவதில்லை. "பக்கத்து வீடு அன்னைக்கு என்ன விலைக்குப் போச்சு தெரியுமா?" என்பார்கள். தெரியும். அன்றைக்கு அந்த வீட்டுக்கு முன்னால் தோட்டம் இருந்தது. இப்போது அந்தத் தோட்டத்தில் மீன் மேய்கிறது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலோரத்தில் வீடு பார்க்க வெயிலில் போகாதீர்கள், மழையில் போங்கள். சுவரின் அடியில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அலமாரியின் கீழ்த்தட்டை மோந்து பாருங்கள். இதைச் சொல்வதால் எனக்குத்தான் நஷ்டம், போகட்டும்.

என்னைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்.

ஒன்று, என் லேசர் மீட்டர். டி.வி. ரிமோட் அளவுதான் இருக்கும். அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பொத்தானை அமுக்கினால், எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். 'பீப்' என்று சத்தம் வரும். எத்தனை அடி என்று எண் காட்டும். இடையில் எது குறுக்கே நின்றாலும் அதுவரைதான் அளக்கும். ஒரு தடவை ஒரு வீட்டுப் பூனை குறுக்கே வந்து படுத்துக்கொண்டு, படுக்கையறையை நாலடி என்று காட்ட வைத்தது. அதனால் எதையும் இரண்டு முறை அளப்பேன்.

இன்னொன்று, என் வாய்ப்பழக்கம். ஒரு முறை ஒரு குடும்பத்துக்கு வீடு காட்டிவிட்டு, விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர்களும் காரில் பாதி தூரம் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் தெரிந்தது, அவர்களுடைய மாமனார் மாடி பாத்ரூமில் இருக்கிறார் என்று. அந்த மனுஷன் வெளியே வந்து என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அது காலத்துக்கும் போதும். அன்றிலிருந்து எந்த வீட்டைப் பூட்டும் முன்னும் வாசலில் நின்று, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்து, "வாங்க, போலாம்" என்று சொல்வேன். கடைசி ஆள் வெளியே வரும்வரை நிற்பேன். அப்புறம்தான் பூட்டுவேன்.

இந்தப் பழக்கம்தான்... சரி, வரிசையாகவே சொல்கிறேன்.

முதல் வரிசையில் கடைசி வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. தனியாக இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன், பஸ் ஓட்டுகிறான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறான். போன மழைக்காலத்தில் அந்த வீட்டின் சுற்றுச்சுவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. முன்னறை ஜன்னலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்துகிற அளவுதான் மிச்சம். இன்னொரு பெரிய மழை வந்தால் வீடு தாங்காது. பார்க்கிற கண் இருந்தால் யாருக்கும் தெரியும்.

மகன் என் ஆபீசுக்கு வந்து அழாத குறைதான்.

"சார், ராத்திரி மழை பெஞ்சா எனக்குத் தூக்கம் வர்றதில்ல. வித்துக் குடுத்துருங்க. எவ்வளவு கெடைச்சாலும் சரி. அம்மா வெளிய வந்தா போதும்."

வாங்கவும் ஒருவர் கிடைத்தார். பக்கத்து ஓட்டல்காரர். வேலையாட்களைத் தங்க வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். கடலைப் பற்றித் தெரிந்தே கேட்கிறார், அடிமாட்டு விலைக்குத்தான். ஆனால் முதல் வரிசைக்கு இந்த ஜென்மத்தில் இன்னொருத்தர் வரமாட்டார்.

நான் அந்த அம்மாவிடம் போய்ப் பேசினேன். மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"முடியாது தம்பி."

"ஏன்க்கா? கடல் வாசல்ல வந்து நிக்குது."

"இங்க ஒரு ஆள் இருக்கு. விட்டுட்டு வர முடியாது."

வாடகைக்கு ஆள் இருக்கிற வீடு என்றால் பேரம் அங்கேயே படுத்துவிடும். ஓடிப்போய் மகனிடம் கேட்டேன். "உள்ள யாராவது குடியிருக்காங்களா? முன்னாடியே சொல்றதில்லையா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "யாரும் இல்ல சார்" என்றான்.

அடுத்த வாரம் அந்த அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மகன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். போகும்போது என்னிடம் சாவியைக் கொடுத்தான். "அம்மா இல்லாதப்பவே அளந்துருங்க சார். இருந்தா முன்னறையைத் தொடவே விடமாட்டாங்க."

நான் போனபோது மாலை ஐந்தே முக்கால். மழை. வானம் முழுக்க ஒரே சாம்பல்.

சமையலறையை அளந்தேன். இரண்டு முறை. சரி. பின்னறை. சரி. பாத்ரூம். சரி. எல்லாம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். ஒன்றே ஒன்றுதான் விசித்திரம். பின்னறை, சமையலறை எல்லாம் கடல் உப்பில் பெயின்ட் உரிந்து கிடந்தது. முன்னறை மட்டும் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வரப்போகிறவர்களுக்காகத் தயார் பண்ணி வைத்த மாதிரி.

முன்னறையில் மூலையில் தையல் மிஷின், மேலே துணி மூடியிருந்தது. வேறு சாமான் ஒன்றும் இல்லை. கடல் பக்கம் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோடு நான் நின்றேன், என் இடது கைப் பக்கம் வாசல் கதவு.

ஆறு பத்துக்குக் கரண்ட் போனது.

பரவாயில்லை. இருட்டில் சிவப்புப் புள்ளி நன்றாகத் தெரியும். மீட்டரை இடுப்பு உயரத்தில் சுவரோடு வைத்து அமுக்கினேன்.

பீப்.

பதினாறு அடி. சரி.

இன்னொரு முறை அமுக்கினேன்.

பீப்.

பதினொன்று.

பூனை என்று நினைத்தேன். "ச்சூ" என்றேன். பூனை இல்லை. பூனை இடுப்பு உயரத்துக்கு வளராது என்பது அப்புறம்தான் உறைத்தது.

எதிர்ச் சுவரில் புள்ளியைத் தேடினேன். சுவரில் புள்ளி இல்லை. ஜன்னலில் இல்லை. தரையில் இல்லை.

அது அறையின் நடுவில் இருந்தது.

காற்றில்.

வெறும் காற்றில், இடுப்பு உயரத்தில், சிவப்பாக ஒரு புள்ளி. அசையாமலும் இல்லை. லேசாக மேலே போய்க் கீழே வந்தது. மேலே... கீழே... மூச்சு விடுகிற வயிற்றின் மேல் விழுந்த மாதிரி.

மீட்டர் பழுது என்று சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன். விரல் தானாகப் பொத்தானை அமுக்கியது.

பீப்.

எட்டு.

ஈர மணல் வாசனை வந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

பீப்.

ஐந்து.

ஓட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எனக்கும் அதே யோசனைதான். கால்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. வேறென்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தேன். மீட்டரைச் சுவரோடு ஒட்டியபடியே மேலே நகர்த்தினேன். நெஞ்சு உயரம்.

ஐந்து.

இன்னும் மேலே. தோள் உயரம்.

ஐந்து... பதினாறு... ஐந்து.

எண் தடுமாறியது. புள்ளி ஒரு நொடி தூரத்துச் சுவரில் விழுந்து, திரும்ப நடுவில் வந்தது.

வெளிச்சம் கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்புவோமே... அப்படி.

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "மன்னிச்சுக்கோம்மா. கண்ல பட்டுடுச்சா?"

ஏன் 'அம்மா' என்று சொன்னேன்? அங்கே நிற்பது யார் என்று எனக்கு என்ன தெரியும்?

முகவாய் உயரத்துக்கு ஏற்றினேன். பதினாறு. அதற்கு மேலே எல்லாம் பதினாறு.

மறுபடியும் நெஞ்சு உயரத்துக்கு இறக்கினேன்.

ஒன்றரை அடி.

குளிர்.

சத்தமே இல்லை.

எப்படி வாசலுக்கு வந்தேன் என்று தெரியாது. கதவைத் திறந்தேன். மழைச் சாரல் முகத்தில் அடித்தது. அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். உயிர் போகிற பயம். அப்போதும் பழக்கம் விடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, இருட்டான அந்த அறையைப் பார்த்து...

"வாங்க, போலாம்."

சொன்னேன். நின்றேன்.

என் இடது கையை ஒட்டி ஏதோ நனைந்த துணி உரசிக்கொண்டு வெளியே போனது.

பூட்டினேன். ஸ்கூட்டரை எடுத்தேன். மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது. இரண்டு பேரை வைத்து இழுக்கிற மாதிரி முனகியது. மழை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி துண்டோடு வந்தாள். "ஏங்க, இப்படியா நனைவீங்க? வாசல் மிதியடியெல்லாம் சொட்டச் சொட்ட ஆயிடுச்சு பாருங்க" என்றாள். இரண்டு நாள் காய்ச்சல்.

அதற்கடுத்த வாரம் அந்தத் தையல்காரம்மா என் ஆபீசுக்கே வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் எப்போதும்போல இன்ச் டேப். பின்னால் மகன், கையைப் பிசைந்துகொண்டு.

"யாரைக் கேட்டு அந்த ரூமை அளந்தீங்க?"

எனக்கும் ஒரு கோபம் தலைக்கேறியது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் நான். "அக்கா, நீங்க என்னைத் திட்டுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்குறேன். அந்த வீட்டுல என்ன இருக்கு? எம் மீட்டர் முன்னாடி வந்து நின்னுச்சு. என்னால இன்னும் தூங்க முடியல. உங்க வீடும் வேணாம், கமிஷனும் வேணாம்" என்றேன்.

திட்ட வந்த வாய் அப்படியே நின்றது. பயப்படுவார் என்று நினைத்தேன். யார் என்றோ, என்ன என்றோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எவ்வளவு உயரம்?"

"என்னக்கா?"

"நின்னுச்சுன்னு சொன்னீங்களே. எவ்வளவு உயரம் தம்பி?"

முகவாய்க்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவர் எழுந்து வந்தார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, ஒரு நுனியைக் காலால் தரையில் மிதித்துக்கொண்டு, என் கை வரைக்கும் இழுத்துப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"அம்பத்தெட்டு இன்ச்" என்றார். அப்புறம் அந்த டேப்பைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"வளந்துட்டாளா..."

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பத்து வருஷத்துக்கு முன்னால். அவனுடைய தங்கை, பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வயது. அம்மா முன்னறையில் அவசரத் தையலில் இருந்திருக்கிறார். பாப்பா ஜன்னலுக்கு வெளியே மணலில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மிஷினை நிறுத்தியபோது வெளியே யாரும் இல்லை. கடலில் தேடினார்கள், உடல்கூடக் கிடைக்கவில்லை.

"கூப்பிட்டிருப்பா தம்பி. கண்டிப்பா கூப்பிட்டிருப்பா. எனக்குத்தான் கேக்கல" என்றார். "அதான் நான் அங்கேயே கெடக்குறேன். ஆறு வயசுப் பிள்ள. என்னைக்காவது திரும்பி வந்தா, வீட்ல வேற யாரோ இருந்தா பயந்துட மாட்டாளா? புது எடத்துக்கு அதுக்கு எப்படி வழி தெரியும்?"

பேயைப் பார்த்தவன் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பயம் துளியும் இல்லை, அழுகைதான் வந்தது.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டேப்பைச் சுருட்டினார். "பதினாறு வயசுப் பொண்ணு. இவ்ளோ பெரிய பொண்ணுக்கு விலாசம் சொன்னா வந்துருவால்ல?"

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

"அப்ப வித்துருங்க" என்றார்.

பத்திரம் முடிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், மகன் வீட்டுக்குப் பக்கத்திலேயே நாலாவது மாடியில் ஒரு வீடு பிடித்துக் கொடுத்தேன். அவர் பழைய வீட்டைக் காலி செய்த அன்று நான் வெளியூரில் இருந்தேன். மகன் அப்புறம் சொன்னான். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அம்மா மட்டும் திரும்ப உள்ளே போனாராம். ஒவ்வொரு அறையிலும் நின்று, புது வீட்டு விலாசத்தைச் சத்தமாகச் சொன்னாராம். தெருப் பெயர், கதவு எண், நாலாவது மாடி, படி ஏறியதும் இடது பக்கம். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்தி. முன்னறையில் மட்டும் மூன்று முறை.

"கேட்டுக்கிட்டு நிக்க முடியல சார்" என்றான்.

ஒரு மாதம் போயிருக்கும். அந்த அம்மா போன் செய்தார். "தம்பி, ஒரு எட்டு வந்து அளந்து பாருங்களேன். வந்துட்டாளான்னு தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹால் பன்னிரண்டு அடி. வாங்கிக் கொடுத்தவன் நான், எனக்கு மனப்பாடம். ஒன்றும் காட்டக்கூடாது என்று ஒரு மனம். காட்ட வேண்டும் என்று இன்னொரு மனம். ஜன்னல் பக்கச் சுவரில் மீட்டரை வைத்து, வாசல் பக்கம் பார்த்து அமுக்கினேன்.

பீப்.

ஒன்பது.

மேலே நகர்த்தினேன். முகவாய் உயரத்தில் பன்னிரண்டு ஆனது.

நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அந்த அம்மா புரிந்துகொண்டார். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதார். உள்ளே போய் ஒரு கவுன் எடுத்துவந்தார். நீல நிறம். அம்பத்தெட்டு இன்ச்சுக்கு அளவெடுத்துத் தைத்தது. "வழி கண்டுபிடிச்சு வந்துட்டா பாத்தீங்களா! என் தங்கம்!" என்று, என்னிடம் இல்லை, ஹாலிடம் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வரும்போது எனக்கு ஏதோ பெரிய புண்ணியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் முதல் முறையாக.

அந்த மழைக்காலத்தில் கடல் உள்ளே வந்தது. பழைய வீட்டின் முன்னறை, ஜன்னலோடு போய்விட்டது. நல்லவேளை, ஓட்டல்காரர் இன்னும் ஆட்களைக் குடிவைக்கவில்லை. அந்த அம்மா அங்கேயே இருந்திருந்தால்... மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அப்போதுதான் அவன் ஒன்று சொன்னான்.

"சார், நானும் ஒரு மீட்டர் வாங்கினேன். அம்மாவுக்காகத் தெனமும் அளந்து பாக்குறேன். பன்னெண்டுதான் வருது. உங்க மீட்டர்லதான் காட்டுது போல."

ஒரு வாரம் என் மீட்டரை அவனிடமே கொடுத்து வைத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது உதட்டைப் பிதுக்கினான். "இதுலயும் பன்னெண்டுதான் சார். நீங்க வந்தாதான் காட்டுது."

நான் வந்தால்தான்.

எனக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. இடிவதற்கு முன்னால், நான் கூட இல்லாத ஒரு நாள், ஓட்டல்காரரின் ஆட்கள் அந்தப் பழைய முன்னறையை அளந்தார்கள். மூன்று முறை. பதினாறு, பதினாறு, பதினாறு என்றார்கள். அது அந்த அம்மா காலி செய்வதற்கு முன்பே.

அப்படியென்றால், அவர் ஒவ்வொரு அறையாக நின்று விலாசம் சொன்னபோது, அதைக் கேட்க அந்த வீட்டில் யாருமே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். மாலை ஆறரை. என் மனைவி வாசலில் மிதியடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இந்தச் சனியனை என்ன பண்றதுன்னே தெரியலீங்க. புதுசு வாங்கிப் போட்டேன், அதுவும் காயல."

"எத்தனை நாளா?"

"நீங்க அன்னைக்கு மழையில நனைஞ்சு காய்ச்சலா படுத்தீங்களே... அன்னையிலேருந்து."

உள்ளே போனேன். எங்கள் ஹால் பதினான்கு அடி.

பீப்.

மூன்று.

நான் 'வாங்க, போலாம்' என்று சொன்னேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வேறு நின்றேன். பத்து வருஷத்தில் அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னது நான் ஒருவன்தான். கூப்பிட்டவன் பின்னால் வந்துவிட்டாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அந்த நாலாவது மாடிக்குப் போகிறேன். மீட்டரை எடுத்துக்கொண்டு. அந்த அம்மா காத்துக்கொண்டிருப்பார். புதிதாக ஏதாவது தைத்து வைத்திருப்பார். "எங்க நிக்கிறா தம்பி?" என்று கேட்பார். அவள் நிற்பது எப்போதும் வாசல் கதவை ஒட்டித்தான். வீடு பார்க்க வந்தவர்கள் நிற்பதுபோல. நான், "உங்க பக்கத்துலதான்க்கா" என்பேன்.

கிளம்பும்போது "வாங்க, போலாம்" என்று சொல்வதில்லை. பல்லைக் கடித்துக்கொள்வேன். படியில் நின்று, "இதான் உங்க அம்மா வீடு. இங்கேயே இரும்மா" என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன். புரோக்கரால் ஆளை வீட்டுக்குள் கூட்டிப்போக முடியும், வெளியே கூட்டிவர முடியும். தங்க வைப்பது எங்கள் கையில் இல்லை.

போன ஞாயிறு அளந்தபோது, முகவாய் உயரத்தில் பன்னிரண்டு காட்டவில்லை. மூக்கு வரை ஏற்ற வேண்டியிருந்தது. சொன்னேன். அந்த அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே டேப்பை எடுத்தார். "அடுத்த வாரம் வர்றப்ப பெருசா ஒண்ணு தைச்சு வெக்கிறேன். நீ எங்கேயும் போயிடாத, என்ன?" என்று ஹாலைப் பார்த்துச் சொன்னார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இறங்கினேன். சுள்ளென்று வெயில். வண்டியை எடுத்தேன்.

மேட்டில் ஏறும்போது அது திணறியது.